பின்கேட்டுக்கு அறுபத்தொரு கையெழுத்து

பிப்ரவரி 9

பின்கேட்டுக்கு இன்று பூட்டு போட்டாயிற்று. இரண்டு மாதத்தில் மூன்று சைக்கிள் அந்த வழியாகக் காணாமல் போயிருக்கிறது; போதும். கூட்டத்துக்கு வந்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். வழக்கம்போல் தீர்மானத்தை எழுதி, நோட்டை வாட்ச்மேனிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பினேன். எண்பத்து நான்கு வீட்டில் அறுபத்தொரு கையெழுத்து. வராதவர்கள் கையெழுத்தாகவாவது வருகிறார்களே!

இந்தக் குடியிருப்புக்கு நான் செயலாளராகிப் பதினோரு வருஷம். எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. லிஃப்ட் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது, குப்பை போகிறது. வேறென்ன வேண்டும் இவர்களுக்கு?

பிப்ரவரி 12

பூட்டைக் காணோம். புதிது போட்டேன்.

பிப்ரவரி 15

அதையும் காணோம். வாட்ச்மேன் தலையைச் சொறிகிறார். பெரிய பூட்டாக வாங்கி வந்திருக்கிறேன். நானா அவர்களா, பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 18

பிடித்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு, பட்டப்பகலில், தரைத்தளத்து டெய்லரம்மா இரும்பறுக்கும் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஆறு பேர், வரிசையில். என்னைப் பார்த்ததும் ஒருத்தராவது ஓட வேண்டாமா?

"என்ன டெய்லரம்மா இது?"

"பூட்டு ரொம்ப கெட்டியா இருக்கு, செக்ரட்டரியம்மா. கொஞ்சம் பிடிங்களேன்."

எனக்கு வந்ததே கோபம். "தீர்மானத்துல நீங்களும்தானே கையெழுத்து போட்டீங்க?"

"அதுவா? வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். தண்ணித்தொட்டி கழுவப்போறாங்க போலன்னு போட்டேன்." அப்புறம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வழியாத்தாங்க எனக்குத் துணி வரும். சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு யார் வரப்போறாங்க? பத்து நாளா மிஷின் சும்மா கிடக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்டேனே. நோட்டு அனுப்பினேனே! அது கேட்டது இல்லாம வேற என்ன? — என்று கத்தத்தான் நினைத்தேன். அந்த ஆறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19

சாப்பிடும்போது அவரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "பின்கேட் தீர்மானத்துக்கு நீங்க ஆதரவுதானே?"

"எந்தத் தீர்மானம்?" என்றார் என் கணவர்.

நோட்டைக் காட்டினேன். அவர் கையெழுத்துதான், அழகாக, அடியில் கோடு வேறு. "நீ நீட்டின இடத்துல போட்டேன். நான்தான் தினமும் அந்தப் பக்கமா நடக்கப் போவேனே, மூடச் சொல்வேனா?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விதிப்படி வீட்டு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும், அதாவது ஐம்பத்தாறு பேர். அறுபத்தொன்றில் இருபத்தேழு வாடகைக்கு இருப்பவர்களின் கையெழுத்து. அவர்களுக்கு ஓட்டே கிடையாது. ஓட்டு இல்லாதவர்களின் கையெழுத்தை எண்ணி அவர்களுக்கே பூட்டுப் போட்டிருக்கிறேன். மிச்சம் முப்பத்து நாலு. அதிலும் ஒன்று என் வீட்டுக்காரருடையது!

பழைய நோட்டுகளையும் புரட்டினேன். பதினோரு வருஷமும் இதே கதைதான்.

பிப்ரவரி 21

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இன்று பெயர் ஒட்டாத ரத்தக் குழாய் ஒன்று வந்தது. கருவி சரியாக அளந்துதான் கொடுத்தது. ஆனால் யாருடைய ரத்தம்? கொட்டிவிட்டு மறுபடி எடுத்து வரச் சொன்னேன். யோசிக்கவேயில்லை, இருபது வருஷப் பழக்கம். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. என் தீர்மானங்களும் பாதிக்கு மேல் சரியானவைதான். யாருடையவை?

பிப்ரவரி 23

துணைச் செயலாளரிடம் சொன்னேன். விதிப்புத்தகத்தைக் கக்கத்திலேயே வைத்திருப்பதால் அவருக்கு எங்கள் கட்டடத்தில் 'சட்டம்' என்று பெயர்.

"நீங்க நல்லதுதானேம்மா செய்யறீங்க. நல்லதுக்கு எதுக்கு ஓட்டு?" என்றார். "வாடகைக்கு இருக்கறவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க."

போகிற வரைக்கும் அந்த கேட்டைத் தாண்டித்தானே போக வேண்டும் என்றேன். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். வழி என்னிடம் இருந்தது. பதினோரு வருஷம் குப்பை கொட்டியது வீண் போகவில்லை. ஒரு தேர்தல் நடத்த எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 8

ஓட்டு போடும் உரிமை யாருக்கு என்பதையே முதலில் உரிமையாளர்களிடம் கேட்டேன். நோட்டு வீட்டுக்கு வராது, வேண்டுமானால் நீங்கள் வாருங்கள் என்று எழுதி லிஃப்டில் ஒட்டிவிட்டேன். ஐம்பத்தெட்டு பேர் வந்தார்கள்! நாற்காலி போதவில்லை. கேட் விஷயத்தில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓர் ஓட்டு என்றேன். வாடகைக்காரர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல இரண்டே பேருக்குத்தான் தைரியம் இருந்தது. சட்டம் அதில் ஒருவர். மிச்சம் சரியாக ஐம்பத்தாறு. ஒவ்வொரு கையாக இரண்டு முறை எண்ணினேன்.

மார்ச் 22

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு ஓட்டுப்பெட்டியாக்கினோம். எண்பத்து நான்கில் எழுபத்தொன்பது ஓட்டு விழுந்தது. சட்டமும் டெய்லரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள்.

திறக்க: 43. மூட: 36.

தோற்றுவிட்டேன். எனக்கு இன்னமும் மூடுவதுதான் சரி என்று படுகிறது. அதைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் நானே போய்ப் பூட்டைக் கழற்றினேன். வருத்தமா? இருந்தது. வெட்கம் மட்டும் இல்லை.

வீட்டில் எங்கள் இருவரில் யார் ஓட்டு போடுவது என்று சீட்டுக் குலுக்கினோம். நான் ஜெயித்தேன். அவர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 11

போய்விட்டது. சைக்கிள். அதுவும் சட்டத்தினுடையது! சாயங்காலம் ஆறு மணிக்கு, பின்கேட் வழியாக.

விதிப்புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்தார். "பதினாலாம் விதி. பாதுகாப்புக்காக செயலாளர் உடனே எதையும் பூட்டலாம். யாரையும் கேக்க வேண்டாம். பூட்டுங்கம்மா, ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

பெரிய பூட்டு மேஜை டிராயரில்தான் இருக்கிறது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் நான் சொன்னதுதானே நடந்திருக்கிறது? யார் என்னைக் கேட்பார்கள்? கேட்க மாட்டார்கள். அதுதான் பிரச்சினையே. எழுபத்தொன்பது பேரைக் கூப்பிட்டு எண்ணிவிட்டு, எனக்குச் சாதகமாக ஒரு திருடன் வந்தான் என்று மாற்றிவிட்டால் அப்புறம் அடுத்த தடவை எவர் வருவார்? பூட்டை டிராயரில் போட்டு மூடினேன். மறு ஓட்டு வேண்டுமானால் இருபது பேர் எழுதிக் கொடுங்கள், நடத்துகிறேன் என்றேன். முறைத்துக்கொண்டே போனார்.

ஏப்ரல் 12

டெய்லரம்மா வந்தார். கூட ஐந்தாறு பேர். சண்டைக்குத்தான் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன். ஒரு தாளை நீட்டினார்.

"திறக்கச் சொன்னது நாங்கதானே. நாங்களே பாத்துக்கறோம். தினம் நாலுலேர்ந்து ஏழு மணி வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தர். என் ஸ்டூலை அங்க போட்டுடறேன்."

பதினோரு வருஷமாக ஒரு குழாயை மூடக்கூட நான் போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. இதை யாரும் இவர்களிடம் சொல்லவில்லை. நான் தாளைப் படித்தேன். வியாழக்கிழமைக்கு நேரே 'செக்ரட்டரியம்மா' என்று இருந்தது.

"நான் மூடத்தானே ஓட்டு போட்டேன்?"

"தெரியும். அதனாலதான் உங்களுக்கு முதல் வாரமே போட்டேன். நல்லா பாத்துப்பீங்க."

சனிக்கிழமை காலியாக இருந்தது. தாளை லிஃப்டில் ஒட்டினேன்.

ஏப்ரல் 16

நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டூல் ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தேன். டெய்லரம்மா வீட்டு ஜன்னலிலிருந்து மிஷின் சத்தம் நிற்காமல் கேட்டது. போகிறவர்கள், வருகிறவர்கள், துணிப்பையோடு இரண்டு பேர். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எங்கள் கட்டடத்து நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "நீங்களா! நீங்க பூட்டணும்னு சொன்னவங்களாச்சே?"

"ஆமா," என்றேன். "இன்னிக்கு என் முறை."

திரும்பும்போது லிஃப்டில் தாளைப் பார்த்தேன். சனிக்கிழமைக்கு நேரே பெயர் விழுந்திருந்தது. சட்டத்தின் கையெழுத்து.