புரட்டாசிச் சனியன்று ரத்ததானம்

ரஞ்சன்குடி,
திங்கட்கிழமை.

அபிநயா அப்பாவுக்கு வெற்றிச்செல்வி எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் நலம். குவைத்தில் வெயில் தணிந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எனக்கு எப்போதும் கவலை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் வாயைத் திறக்குமுன் கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்களே! லீவு முடிந்து நாளை அங்கே திரும்பும் அறிவரசனிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை அப்புறம் தின்னுங்கள், முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் மகள் காலேஜில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு மாணவர் தலைவி ஆகியிருக்கிறாள். பொம்பளப் புள்ள கூட்டத்துல நின்னு சத்தம் போடக் கூடாது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் ஆனாள். நான்தான் ஆகச் சொன்னேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

சனிக்கிழமை ரத்ததான முகாம், ஞாயிற்றுக்கிழமை கலைவிழா. இரண்டும் பிள்ளைகளே நடத்துவது. அடேயப்பா, பந்தல், மைக், சாப்பாட்டுக் கடை என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள்! ரத்தம் கொடுக்க நம் ஊர் ஆட்களையும் பஸ்ஸில் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

அங்கேதான் வந்தது வினை. டாக்டரம்மா சாப்பிட்டாச்சா என்று கேட்க, ஒருவர் விடாமல் இல்லை என்கிறோம். புரட்டாசி முதல் சனி! ஊரே விரதம். நானும் உங்களுக்காக விரதம். தேதி குறித்த அத்தனை படித்த பிள்ளைகளில் ஒன்றுக்காவது அது உறைத்ததா? நமக்குத்தான் உறைத்ததா? வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க முடியாது என்றுவிட்டார் டாக்டரம்மா. பிள்ளைகள் இட்லி வாங்கப் போனார்கள். படையல் போடாம ஒரு வாய் உள்ள போவாதும்மா என்று நம் தெரு நல்லுசாமி மாமா பஸ்ஸைப் பார்த்து நடக்கிறார். அபிநயா முகம் செத்துவிட்டது. இது நன்றாக நடந்தால்தான் காலேஜ் சார்பில் அவளைச் சென்னை முகாமுக்கு அனுப்புவதாகப் பேச்சு.

பிறகு என்ன செய்தாள் தெரியுமா? கலைவிழாவுக்கு வாங்கிய முகப் பெயின்ட்டை எடுத்து ஒரு பக்கெட்டில் நாமம் போட்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்று காலேஜையே சுற்ற ஆரம்பித்துவிட்டாள்! மறுநாள் கடைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த அரிசி, புளி, வெல்லம் எல்லாம் பக்கெட்டுக்கு வந்தன. பிரியாணிக் கடை போடவிருந்த பிள்ளைகள் அடுப்பையே தூக்கிக் கொடுத்தார்கள். மாமா அதை ஒரு மாதிரி பார்த்தார். புது அடுப்பு தாத்தா, இன்னும் கறியக் கண்ணால பாக்கல என்றான் ஒரு பையன். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேப்பமரத்தடியில் இலை போட்டு, புளிச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் படைத்து, மாமாதான் சூடம் காட்டினார். சாப்பிட்டு உட்கார்ந்து இளைப்பாறியதும் முதல் ஆளாக நான் கையை நீட்டினேன். நல்ல ரத்தம் என்றார் டாக்டரம்மா. இத்தனை வருஷமாய் நீங்கள் ஒப்புக்கொள்ளாதது! அடுத்தது மாமா. அதன் பிறகு வரிசை நிற்கவேயில்லை.

ஞாயிறு கலைவிழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, சென்னைக்குப் போவது இவள்தான் என்று மைக்கில் சொன்னார்கள். நான் அழுதுவிட்டேன். பெற்றோர் சம்மதக் கையெழுத்தை நானே போட்டுவிடுவேன். அவள்தான் பிடிவாதமாய், அப்பா வாயால சொல்லட்டும்மா, இல்லன்னா நான் போவல என்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நான் உங்களை முதலில் பார்த்தது ஒரு புரட்டாசிச் சனியன்று, எங்கள் தெருவில். நாமம் போட்ட சொம்பைத் தூக்கிக்கொண்டு கோவிந்தா போட்டீர்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தத் தொண்டைக்காகத்தான் ஒரு கை அரிசி கூடுதலாகப் போட்டேன். சனிக்கிழமை காலேஜில் நான் கேட்டதும் அதே தொண்டைதான். கூட்டத்தில் நின்று சத்தம் போட அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெருமாள் உங்களை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போனை நான் எடுக்க மாட்டேன், அவள்தான் எடுப்பாள். வேறொன்றும் பேச வேண்டாம். போயிட்டு வா தாயி என்று மட்டும் சொல்லுங்கள், சத்தமாய்.

உங்களுக்காக அடுத்த சனியும் விரதம் இருக்கப்போகும்
வெற்றிச்செல்வி