இல்லாத மாமரம்

லிமோன்

அன்புள்ள அம்மாவுக்கு யோர்லேனி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் அலுவலகம் ரயில் திட்டத்துக்காக ஊர் மக்களோடு நடத்திய கூட்டத்தில் ஒரே ரகளை. என் மேலதிகாரி ஒரு நிறுத்தத்துக்கு யாரோ ஒரு பழைய அமைச்சரின் பெயரை வைத்திருந்தார்.

“அவரு எங்க தெருவுலயா குடியிருந்தாரு? அது மாமரத்தடி!” என்று எகிறினார் மீன் விற்கும் யூலலி அக்கா.

“மரத்தை வெட்டியே எவ்வளவோ வருஷமாச்சேம்மா!” என்றார் மேலதிகாரி.

“வெட்டினா என்ன? இடம் எங்கயும் போயிடலையே!”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நம் வீட்டு விலாசமே ‘எரிந்துபோன பேக்கரிக்கு வடக்கே நூறு மீட்டர்’தானே! எழுந்துபோய் வரைபடத்தில் அமைச்சரை அடித்துவிட்டு ‘மாமரம்’ என்று எழுதினேன். கூடமே கைதட்டியது, தங்கள் தெரு வழியே ரயில் பாதை போகவும் சம்மதித்துவிட்டார்கள்.

காபி வடிகட்டும் துணிப்பை ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் உங்கள் காபியின் ருசி வரவில்லை.

ரயில் ஓடியதும் வாருங்கள். மாமரத்தில் இறங்குங்கள். மரம் இருக்காது, நான் நிற்பேன்.

உங்கள் மகள்,
யோர்லேனி