சிக்னல் கிடைத்தது என்று சொன்னோம்

செப்டம்பர் 2, செவ்வாய்

கச்சான் காற்று நிற்பதாக இல்லை. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் உப்பும் மண்ணும். திரும்ப அலசணும்.

இவருக்கு டயாலிசிஸ் நாள். ஆறரைக்கே ஆட்டோ. நாலு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் இன்று வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மதியம் ஃப்ளெக்ஸ் கடை. மூன்று கண்ணீர் அஞ்சலி, ஒரு காதுகுத்து. அஞ்சலிக்கு வந்த ஒருத்தன், "அக்கா, அப்பா மீசைய கொஞ்சம் கறுப்பாக்கிருங்க. செத்தவரு மாதிரி இருக்காரு" என்கிறான். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றுக்கும் ஒரே வாசகம். 'நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்த'. பதினோரு வருஷமாக அதே ஃபைலைத் திறந்து பேரையும் படத்தையும் மாற்றுகிறேன். வேறு மாதிரி போடு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வாங்கணும்: ரவை, இவர் மாத்திரை (வெள்ளை), கொசுவர்த்தி.

ராத்திரி சாப்பிடும்போது இவர்: "ஏளா, எனக்கு என்ன போடுவே?"
"என்னத்த?"
"போஸ்டர்ல."
தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

விட்டபாடில்லை. காபி கொடுக்கும்போது மறுபடி ஆரம்பித்தார். "நிறைவாழ்வுன்னு மட்டும் போட்டுராத. வேற என்ன வேணா போடு." முப்பது வருஷம் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர் என்று போடுகிறேன் என்றேன், வாயை அடைப்பதற்காக. டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், "சூசையப் பாக்கணும்."

இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.

எழுதித்தான் வைக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

சூசை இவருடைய சிக்னல்மேன். கிரேனில் உட்கார்ந்தால் கீழே சரக்கு இறங்கும் இடம் தெரியாது. கப்பல் தட்டில் நிற்கும் சூசையின் கையைப் பார்த்துத்தான் இறக்கணும், நிறுத்தணும். அன்றைக்குப் பெரிய பெரிய மரத்தடிகளை இறக்குகிறார்கள். முந்தின ராத்திரி முழுக்க மகளுக்குக் காய்ச்சல். ஆறு மாதக் குழந்தை. இவரும் நானும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். சூசை நிறுத்து என்று கையைத் தூக்கி நிற்கிறார். இவர் ஒரு நொடி கண் அசந்துவிட்டார். மரத்தடி இறங்கிவிட்டது. கீழே நின்ற விளாத்திகுளத்து ஆளுக்கு ஒரு கால் போச்சு.

கம்பெனி விசாரணையில் இவர் சொன்னது: இறக்கு என்று சிக்னல் கிடைத்தது.

அது சூசையின் கோயில் திருநாளுக்கு மறுநாள். திருநாள் முடிந்து வேலைக்கு வந்தவன் வேறு எப்படி இருந்திருப்பான் என்று விசாரித்தவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். குடித்திருந்தான் என்று இவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சூசைக்கு வேலை போனது.

அப்படிச் சொல்லச் சொன்னது நான். விசாரணைக்கு முந்தின ராத்திரி, இதே அடுக்களையில். "பிள்ளையப் பாருங்க, அப்புறம் உம்ம நியாயத்தப் பாருங்க" என்றேன். இவர் அழுதார். நான் அழவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

பெரிய சண்டை. இப்போது போய் என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது. போணும்." போனால் ஊர் என்ன சொல்லும், மகள் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள், எல்லாம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். சூசையைப் பார்க்காமல் இனி டயாலிசிஸ் ஊசி குத்திக்கொள்ள வரமாட்டாராம்.

சும்மா மிரட்டல். காலையில் கிளம்பிவிடுவார்.

செப்டம்பர் 5, வெள்ளி

கிளம்பவில்லை. ஆட்டோ வாசலில் நின்றுவிட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டு தடவை போன். சாயங்காலம் பாதம் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. மூச்சு வாங்குகிறது. சட்டமாகப் படுத்திருக்கிறார், பாவி மனுஷன்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்பாள்.

சரி, போவோம் என்றேன். நியாயத்துக்காக இல்லை. எனக்கு இவர் வேணும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 6, சனி

சூசை இருப்பது மாப்பிள்ளையூரணியில். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேரப் பத்தரை மணி. ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சூசை ஒரு கோணியில் உட்கார்ந்து கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் இருபது வருஷம் வாட்ச்மேனாம். பெண்டாட்டி போன வருஷம் தவறிவிட்டாள். மெலிந்திருந்தார். ஆனால் பார்த்ததும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"ஏலே மணி. செத்துக்கித்து போயிட்டியோன்னு நெனச்சேன்." என்னைப் பார்த்து, "மைனி, தண்ணி குடிக்கியளா?"

இவரால் நிற்க முடியவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து சொன்னார். கண் அசந்தது, பொய் சொன்னது. மன்னிச்சிரு சூசை என்றார். சூசை கருவாட்டை விடவில்லை. தலை, தலை, தலை. அப்புறம்:

"நான் கைய மேல தூக்கித்தான் வச்சிருந்தேன். அது எனக்குத் தெரியுமேலே. இத்தன வருசம் கழிச்சி அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? உனக்கு நிம்மதி வேணும், ஆட்டோ பிடிச்சு வந்துட்ட. எனக்கு என்ன வேணும்னு கேட்டியா?"

"சொல்லு சூசை."

"எம் மககிட்ட போய்ச் சொல்லு. சாயர்புரத்துல டீச்சரா இருக்கா. குடிகாரன் மகள்னு பள்ளிக்கூடத்துல கேட்டு வளர்ந்தவ. எம் முகத்தப் பாத்துப் பேசமாட்டா. பணம் அனுப்புவா, வரமாட்டா."

மன்னித்தேன் என்று கடைசி வரை சொல்லவில்லை. நான் தண்ணீர் குடிக்கவில்லை. என் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் திட்டு. ஊசி. அந்த மகளின் போன் நம்பர் இவர் சட்டைப் பையில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கையில் புது ஆள்.

இவர் போன் போட்டுவிட்டார், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நேரில் சொல்லணும், என்னால் வர முடியாது என்றார். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறாளாம். பெயர் ஜெசிந்தா.

கடையில் வேலை ஓடவில்லை. 'நிறைவாழ்வு' என்று அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கில் எடுத்தால் எங்கள் வாழ்வு நல்ல வாழ்வுதான். சொந்த வீடு. மகளைப் படிக்கவைத்தோம், கட்டிக்கொடுத்தோம். இவர் குடித்ததில்லை, என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் எங்களைப் போல இருக்கணும் என்பார்கள். எல்லாம் சூசையின் தலையில் ஏறி நின்று கட்டியது. அதை இவர் தினமும் நினைத்திருக்கிறார் போல. நான் மறந்தே போனேன். நிஜமாகவே மறந்துபோனேன், அதுதான் கேவலமாக இருக்கிறது.

"அக்கா, கலர் ஜாஸ்தியா இருக்கு, பாருங்க" என்று பையன் உலுக்கினான்.

செப்டம்பர் 12, வெள்ளி

டயாலிசிஸ்.

ஜெசிந்தாவிடம் நானும் சொல்லிவிடுவது என்று முடிவு. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்மா என்று ஒரு வரி. பஸ்ஸில் மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காற்று கொஞ்சம் மட்டு. ஜெசிந்தா பதினொன்றரைக்கு வந்தாள். காட்டன் சேலை, தோளில் பை. அப்பா ஜாடை, நெற்றி அப்படியே. காபி கொடுத்தேன். இவர் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றும் விடாமல், குழந்தைக் காய்ச்சலை மட்டும் விட்டுவிட்டு. அது சாக்கு மாதிரி இருக்குமாம்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அம்மா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தா, அப்பா குடிக்கலன்னு. நான் நம்பல. எட்டு வயசுல இருந்து அப்பா பக்கத்துல வந்தா மோந்து பாப்பேன், வாடை வருதான்னு. ஒருநாளும் வந்ததில்ல. அப்பவும் நம்பல."

பையில் இருந்து போனை எடுத்தாள். அழைத்தாள். "அப்பா" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் சூசை "யாரு, ஜெசியா? ஏளா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது எங்களுக்கும் கேட்டது.

முகம் கழுவி வந்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

வாயைத் திறந்தேன். அந்த ஒரு வரி நாக்கு வரைக்கும் வந்தது.

இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. போன வாரந்தான் சொன்னேன்."

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், என்னைப் பார்க்காமல். சாகக் கிடக்கும்போதும் ஒரு பொய், எனக்காக.

ஜெசிந்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்களாவது அவரக் கூட்டிட்டு அப்பாட்ட போனியளே. உங்கள மறக்கமாட்டேன்க்கா."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை.