கேள்வி கேட்கப் பழக்கியது ஆர்

1991 ஐப்பசி, செவ்வாய்.

இன்று ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்தார்கள். முடிவில், "ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்றார்கள். அது மரியாதைக்குக் கேட்பது என்று ஊருக்கே தெரியும். என் ஒன்பதாம் வகுப்புக்குத்தான் நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சுகந்தி எழும்பினாள். "அண்ணை, நீங்கள் பிழை விட்டால் ஆர் திருத்துறது?"

இருவரில் மூத்தவன் சிரித்தான். "உப்பிடிக் கேட்க உமக்கு ஆர் பழக்கினது, தங்கச்சி?"

"எங்கடை ரீச்சர்." பெருமையோடு என்னைக் காட்டினாள். அவன் என் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதினான். அதன் பிறகும் பேனை ஒரு வரி ஓடியது. அது அவளுடைய பெயரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

கேள்வி கேட்கும் பிள்ளையே கற்கும் பிள்ளை என்று பயிற்சிக் கல்லூரியில் எழுதிச் சித்தியடைந்தவள் நான். பக்கத்து வகுப்பு மாஸ்டர் எதையும் பாடமாக்கி ஒப்பிக்க வைப்பவர். அவருடைய பிள்ளைகள் இன்று வாயே திறக்கவில்லை.

"என்ரை முறையின்ரை அருமை இப்ப விளங்குதோ, பிள்ளை?" என்றார் போகும்போது. "ஓம்" என்றேன்.

நாளைக்கு நானும் பாடமாக்கச் சொல்லலாம். "ஏன் ரீச்சர்?" என்று சுகந்தி எழும்புவாள். அவள் நாளைக்கு வந்து அதைக் கேட்டால் போதும்.