முதல் கைத் தண்ணீர்

புதன், ஐப்பசி. இன்றும் மழை இல்லை.

சாயங்காலம் ஆப்பிரிக்காவிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். போர்வெல் லாரியோடு போய் இரண்டு வருஷமாகிறது.

"பாறை இரும்பாட்டம் இருந்துச்சு விஜயா. தங்கம் அள்ளுற லாரிங்க ஊர் வழியாத்தான் போவுது, சனங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. கரி சுட மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க, மழையும் போயிடுச்சு. இன்னிக்குத் தண்ணி வந்துடுச்சு, பாரு!"

தண்ணீர் பீறிட்டு அடித்தது. சுற்றிலும் பெண்கள் குலவையிட்டார்கள். கலங்கல் தெளிந்ததும் வழக்கம்போல முதல் கைத் தண்ணீரை அவரே குடித்துப் பார்த்தார். "எளநிதான் போ!"

பிறகு கேட்டார்: "நம்ம வூட்டுத் தண்ணி எப்படி இருக்கு?"

இந்த உழவர்கரை வீட்டில் கல்யாணமான புதிதில் அவரே போட்ட போர்வெல். அன்றைக்கு மட்டும் முதல் கைத் தண்ணீரை எனக்குக் கொடுத்தார்.

"அப்படியேதாங்க இருக்கு" என்றேன்.

நிலத்தடி நீரில் கடல் ஏறிவிட்டது. நான் குடிப்பது கேன் தண்ணீர். சொன்னால், "இன்னும் ஆழமாப் போட்டுடலாம்" என்பார். அந்தச் செலவுக்காக இன்னொரு வருஷம் அங்கேயே இருந்துவிடுவார்.

போனை வைத்துவிட்டுக் குழாயில் ஒரு கை பிடித்துக் குடித்தேன். உப்புக் கரித்தது. துப்ப மனசு வரவில்லை.