மஞ்சள் புள்ளி வைத்த நத்தைகள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போச்சு. செண்டுமல்லிக் கன்றுகளில் பாதி மொட்டை. மழை விட்டதும் நத்தைகள் கூட்டமாக வந்து தின்றிருக்கின்றன. ஆயுத பூஜைக்கு என் மெஷினுக்கு எங்க வீட்டுப் பூதான் என்று கம்பெனி முழுக்கப் பெருமையடித்து வைத்திருக்கிறேன். பக்கத்து மெஷின் செல்வம்மாள் அன்றைக்கே சிரித்தாள். "எதுக்கும் மார்க்கெட்ல ரெண்டு முழம் சொல்லி வெச்சுக்கோ பிரவீனா." எனக்கு இந்த வாய் தேவையா?

ஆகஸ்ட் 26

உப்பைத் தூவச் சொல்கிறார் என் வீட்டுக்காரர் மாதேஷ். மண் கெட்டுப் போகாதா? இந்த மனுஷனுக்கு என்னை விட அவசர புத்தி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்னால் நத்தைகளை மக்கில் பொறுக்கி, பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன். அது அடுத்த தெரு வீடு. யார் இருக்கிறார்களோ! மூக்கண்டப்பள்ளியில் எல்லாம் ஷிப்ட்டுக்கு ஓடுகிற ஜனம், யாருக்கு யாரைத் தெரிகிறது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீச வீச வருகின்றன. அதே நத்தைகளா, வேறயா? தெரிஞ்சே ஆகணும். கம்பெனியில் செக் பண்ணி முடித்த பீஸில் புள்ளி வைக்கிற மஞ்சள் பெயின்ட் பேனா ஒன்று, தீரப்போகிற நிலையில் பையில் கிடந்தது. ஒவ்வொரு ஓட்டின் மேலும் ஒரு புள்ளி வைத்து வீசினேன்.

செப்டம்பர் 2

புள்ளியோடு திரும்பி வந்துவிட்டன!

மாதேஷுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கஸ்டமர் ரிட்டர்ன் பண்ணிட்டான் பாரு."

செப்டம்பர் 7, ஞாயிறு

விடிந்ததும் செடியருகே காவல் உட்கார்ந்தேன். சுவர் தாண்டி ஒரு நத்தை தொப்பென்று விழுந்தது. அடப்பாவி! பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி எட்டிப் பார்த்தால், கையில் இடுக்கியோடு ஒரு பெரியம்மா.

"மஞ்ச பொட்டு வெச்சு அனுப்பினது நீதானாம்மா? யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு பூசாரிகிட்டப் போய் கயிறு கட்டிட்டு வந்தேன், இதோ பாரு!"

கையை நீட்டிக் காட்டினார். கறுப்புக் கயிறு. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பெயர் ரங்கம்மா. நான் வீசியவை அவருடைய கோழிக்கொண்டைச் செடிகளை மேய்ந்திருக்கின்றன, அவர் வீசியவை என் செண்டுமல்லியை. வெட்கமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 8

ரங்கம்மாக்கா யோசனை: சுவருக்கு இரு பக்கமும் ஈரச் சாக்கு, அடியில் பப்பாளி இலை. ராத்திரி மேய வருகிறவை விடிவதற்குள் அதற்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும். காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீர் பக்கெட்டில் போட வேண்டியதுதான். கொல்லச் சங்கடமாக இருக்கிறது. மொட்டைத் தண்டுகளைப் பார்த்தால் சங்கடம் போய்விடுகிறது.

செப்டம்பர் 19

மொட்டு!!

செப்டம்பர் 23

நேற்று செகண்ட் ஷிப்ட், வீடு வர நடுராத்திரி. அசந்து தூங்கிவிட்டேன். பதறி ஓடினால், ரங்கம்மாக்கா தெரு சுற்றி வந்து என் சாக்கையும் உதறி, பொறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். எழுப்பக்கூட இல்லை.

செப்டம்பர் 29

நாளைக்குக் கம்பெனியில் பூஜை. பூத்ததெல்லாம் பறித்தாயிற்று. ஒரு முழம்கூடத் தேறாது. இதுக்கா இவ்வளவு பாடு? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "பூவ இப்படிக் குடு, நான் கட்டித் தர்றேன்."

செப்டம்பர் 30

மாலை என் மெஷினில் மேலிருந்து கீழ்வரை தொங்கியது. மஞ்சள் செண்டுமல்லிக்கு நடுநடுவே ரங்கம்மாக்காவின் சிவப்புக் கோழிக்கொண்டை. நத்தைகள் மேய்ந்தது போக மிச்சமிருந்த தன் செடிகளில் பூத்ததையெல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்.

"எந்தக் கடைல வாங்கின?" என்றாள் செல்வம்மாள்.

"கடையா? ரெண்டு வீட்டுப் பூ இதுடி."

பூஜைப் பொரியில் பாதியை ரங்கம்மாக்காவுக்கு எடுத்து வந்தேன். சுவர் வழியாக நீட்டவில்லை. தெரு சுற்றி, வாசலுக்கே போய்க் கொடுத்தேன். காபி குடிக்காமல் விடமாட்டேன் என்று உட்கார வைத்துவிட்டார்.