பார்க்காத மெசினில் பதினாலு ஆட்டம்

9.2.2004 திங்கள், நெடுந்தீவு

வாடைக்காற்று இன்னும் விடவில்லை. கிழக்கு மதில் சரிந்து கிடக்கிறது, காட்டுக் குதிரை ஏதோ மிதித்திருக்கும். கல் அடுக்க எனக்கு ஏலாது. குனிந்தால் தலை சுற்று.

ஜெசிந்தா கொப்பி வாங்கித் தந்தாள். நடப்பதை எழுதினால் மறதிக்கு நல்லம் என்று டொக்டர் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை, மனுசியிடம் சொல்லியிருக்கிறார். சரி, எழுதுவோம்.

குறிகட்டுவானுக்குச் சனம் ஏற்றும் லோஞ்ச் ஓட்டி நான். மார்கழியில், நத்தாருக்கு முதல் கிழமை எஞ்சினை ஸ்ராட் பண்ணும்போது கைபிடி திருப்பி அடித்தது, நெற்றியில். மூன்று நாள் நினைவில்லை. அதற்குப் பிறகு சொற்கள் தப்பிப் போகின்றன. நேற்று வெங்காயத்தைக் காட்டி "அது, அது" என்று கொண்டு நின்றேன்.

லோஞ்ச் சொந்தக்காரர் பின்னேரம் வந்தார். எங்களுக்கு அவர் சம்மாட்டியார். தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்து, எழும்பும்போது சொன்னார்:

"பங்குனி முடியுமட்டும் பாப்பம் தம்பி. தலை தெளியாத ஆளிட்ட சனத்தை ஏத்தி அனுப்பேலாது. குறை நினையாதையும்."

குறை நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் பயம்.

10.2 செவ்வாய்

காற்று. படுக்கை. சுவர்.

பின்னேரம் ஜெ. எழுதின தாள்துண்டு ஒன்று கொண்டுவந்தாள். அவள் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கொம்பியூட்டர் வந்திருக்கிறது. ஜெனரேற்றர் ஓடும் இரண்டு மணித்தியாலம்தான் உயிர். அதற்குள் கடதாசி விளையாட்டு ஒன்று, சீட்டாட்டம்தான், இருக்கிறதாம், ஒற்றை ஆள் விளையாடுவது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு இலக்கம். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் எப்போதும் அதே கடதாசி அதே இடத்தில் விழும். ஐம்பத்திரண்டையும் பார்த்து எழுதி வந்திருக்கிறாள்.

"நீங்கள்தானே இறங்குதுறையில முந்நூற்றிநாலு ஆட்டத்தில ஒருத்தரையும் வெல்ல விடாத ஆள். இதைச் செய்து பாருங்கோவன்."

சட்டம் அவள் சொன்னபடி: எட்டு வரிசை, எல்லாம் முகம் தெரிய. மூலையில் இனம் இனமாகச் சின்னதிலிருந்து பெரிசு வரை அடுக்கி முடித்தால் வெற்றி. வரிசைக்குள் ஒரு கடதாசிக்கு மேல் அதற்கு அடுத்த சின்னன், கறுப்பில் சிவப்பு, சிவப்பில் கறுப்பு. தற்காலிகமாக வைக்க நாலு வெறுங் கட்டம்.

கடதாசி பற்றி அவளுக்கு இவ்வளவுதான் தெரியும், அதுவும் கந்தோரில் கேட்டது. அவளின் தகப்பன் சம்மனசு மாதிரிப் பக்தியுள்ள மனுசன், வீட்டுக்குள் கடதாசிக் கட்டே விடவில்லை.

எங்கள் வீட்டுக் கடதாசிக் கட்டில் முப்பத்திரண்டுதான். முந்நூற்றிநாலுக்கு ஏழுக்குக் கீழே தேவையில்லை, அவை எங்கேயோ போய்விட்டன. மிச்சம் இருபதையும் பழைய கலண்டர் மட்டையில் வெட்டினேன். கத்தரிக்கோல் என்ற சொல் உடனே வந்தது.

12.2 வியாழன்

நேற்று முழுக்க ஆட்டத்துக்கு வழி ஓடவில்லை. இன்று விடிய ஆறு மணிக்கு ஓடியது. எந்த வரிசையில் இருந்து எதற்கு என்று ஒவ்வொரு அசைவும் எழுதிக் கொடுத்தேன். இனி நாளாந்தம் இதுதான் ஏற்பாடு: அவள் புது ஆட்டம் எழுதி வர, நான் வீட்டில் விளையாட, அவள் கந்தோரில் மெசினில் போட்டுப் பார்க்க.

ஐந்து மணி. படலையடிக்கு எழும்பிப் போய், அவள் திறக்க முன்னமே கேட்டேன். 

"வந்ததோ?"

"ஓம். வந்தது."

"மெசின் என்ன செய்தது?"

"ஒரு ராசாவின்ர படம் பெரிசா வந்தது. கிரீடத்தோட."

இரண்டு மாதத்துக்குப் பிறகு சோறு இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

17.2 செவ்வாய்

ஆட்டம் 4. வந்தது.

கற்றவை:
– வெறுங் கட்டத்தை ஆத்திரத்தில் நிரப்பக் கூடாது.
– சின்னக் கடதாசி ஆழத்தில் கிடந்தால் அந்த வரிசையில்தான் முதல் கை.
– ஒரு வரிசை வெறுமையானால் வீட்டில் ஒரு அறை கூடின மாதிரி.

கோழி இரண்டு முட்டை. பக்கத்து வீட்டு நாயின் பெயர் ராணி. கேளாமலே வந்தது.

25.2 புதன்

விபூதிப் புதன். கோயிலுக்கு நடந்தே போனேன். ஆட்டம் 9, வந்தது. இப்போது கடதாசியைப் பரப்புவதில்லை. துண்டைப் பார்க்க, தலைக்குள்ளேயே அசைகிறது. மெசினைக் கண்ணால் காணாதவன், இந்தத் தீவில் இதில் என்னை விடக் கெட்டிக்காரன் இருக்க மாட்டான் என்று கொஞ்சம் தலைக்கனம். அடிபட்ட தலையில் கனம் ஏறுவது நல்லதுதான்.

ஜெ. மெலிந்து போனாள். தபசுகாலத்துக்கு முன்னமே சாப்பாட்டைக் குறைத்து ஒறுத்தல் தொடங்கிவிட்டாளாம்.

3.3 புதன்

பதினாலு. பதினாலும் வந்தது. சம்மாட்டியாரிடம் போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். "பொறுங்கோ" என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

4.3 வியாழன்

நடந்ததை நடந்தபடி ஒழுங்காக எழுதவேண்டும்.

ஜெ. கந்தோர் அலுவலாக விடிய லோஞ்சில் யாழ்ப்பாணம். இன்றைய துண்டைக் கொண்டுபோக ஆளில்லை. நானே போனால் என்ன என்று பத்தரைக்குச் சங்கத்துக்குப் போனேன். மனேச்சர் கதிரை இழுத்துப் போட்டார். நல்ல மனுசன், கடதாசி தெரியாது. இலக்கம் அடித்தார். துண்டில் இருந்தபடியே கடதாசி எல்லாம் கலரில் விழுந்தது. பெரிய சந்தோசம்.

முதல் அசைவு: சிவப்பு ஒன்பது, கறுப்பு ஜாக்கின் மேல். மெசின் விடவில்லை. ஏதோ இங்கிலீசில் சொன்னது.

"இது செல்லாதாம் அண்ணை."

அடுத்தது இரண்டை மூலைக்கு. செல்லாதாம். அடுத்ததும் செல்லாதாம். மனேச்சரின் கை பட்டு ஒரு கடதாசி வெறுங் கட்டத்துக்குப் போக, கீழே கிடந்த ஆஸ் தானாகப் பறந்து மூலையில் இருந்தது. நான் சொல்லவில்லை அதை.

பழைய ஆட்டம் ஒன்றைப் போடச் சொன்னேன். பத்தாவது. முதல் அசைவே செல்லாது.

மனேச்சர் பாவப்பட்டுச் சொன்னார்: "ஜெசிந்தாவும் இப்பிடித்தான். ஒவ்வொரு நாளும் உங்கட துண்டைக் கொண்டுவந்து போட்டுப் பாப்பா. ஒண்டும் போகாது. பிறகு துண்டை மடிச்சுப் பைக்குள்ள வைச்சிட்டு அடுத்த ஆட்டத்தைப் பாத்து எழுதுவா."

"எந்த நாளில இருந்து?"

"முதல் நாளில இருந்து."

நான் வந்ததை அவளிடம் சொல்லவேண்டாம் என்று மனேச்சரிடம் கேட்டேன். எப்படி வீட்டுக்கு வந்தேன் தெரியாது. கால் தன்பாட்டில் வந்தது.

ராசா வரவில்லை. பதினாலு தரமும் வரவில்லை. என் தலை போய்விட்டது, போனது எனக்கு மட்டும் தெரியாது.

5.3 வெள்ளி

அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. விடிய அதே துண்டைக் கொடுத்தேன். வாங்கினாள். பின்னேரம் படலையடியில் நின்று கேட்டேன்.

"வந்ததோ?"

"வந்தது. ராசா இண்டைக்கு அங்கால இஞ்சால திரும்பிப் பாத்தார்."

கண் தடுமாறாமல் சொன்னாள். பத்தொன்பது வருடம் கலியாணம் கட்டி. இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

6.3 சனி

சுவர்.

மத்தியானம் கடதாசிக் கட்டை எடுத்து அடுப்புக்குள் போடலாம் என்று குசினிக்குப் போனேன். மேலே கிடந்தது ஆஸ். அப்போதுதான் நினைவு வந்தது, அது தானாகப் பறந்தது. ஏன் முதலில் ஆஸ்? ஜாக் பெரிசு, அடுத்தது ஒன்பது, அடுத்தது ஆஸ், பிறகு பத்து, ராசா, ராணி, எட்டு, ஏழு, அதற்குக் கீழே ஆறு தொடங்கி இரண்டு வரை. மூன்றாவது பெரிய கடதாசிக்கு முதலாவதாக மூலையில் என்ன வேலை?

அடுப்படியிலேயே இருந்துவிட்டேன்.

மெசினுக்கு முந்நூற்றிநாலு தெரியாது. அதற்கு ஆஸ் தான் ஆகச் சின்னன், அதன் மேல் இரண்டு, மூன்று என்று பள்ளிக்கூடக் கணக்குப்படி பத்து வரை, பிறகு ஜாக், ராணி, ராசா. நான் இவ்வளவு நாளும் அடுக்கினது எங்களின் இறங்குதுறை ஒழுங்கில். சின்னதிலிருந்து பெரிசு என்று அவள் சொன்னபோது எது பெரிசு என்று நான் கேட்கவில்லை. அதைப்போய் யார் கேட்பார்கள்.

7.3 ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அவளைப் பாயில் இருத்தினேன். சங்கத்துக்குப் போனதைச் சொன்னேன். முகம் வெளிறிப் போனது. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. காரணத்தைச் சொன்னேன், நம்பவில்லை.

"சும்மா என்னைத் தேத்தச் சொல்லுறியள்."

அவளின் பையிலிருந்து துண்டுகளை எடுத்து முதலாம் ஆட்டத்தைப் பரப்பினேன். எங்களின் ஒழுங்கை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். அன்று எழுதின அசைவை நான் வாசிக்க, அவள் கடதாசியை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தாளைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டும் மூலைக்குப் போனது. அவள் கடதாசி எல்லாவற்றையும் திரும்பக் கூட்டி அள்ளினாள்.

"ரெண்டாவதைப் போடுங்கோ."

இரண்டாவது. மூன்றாவது. சோறு வைக்க விடவில்லை. ஒன்றும் தவறாது பதினாலையும் போட்டு முடிய மூன்று மணி. ஒரு இடத்திலும் பிழையில்லை. கடைசிக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"உங்கட தலை போச்சு எண்டு நான் நம்பிப்போட்டன். ஒவ்வொரு நாளும் அந்த மெசினுக்கு முன்னால இருந்து நம்பினனான்."

"ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் நாள் நீங்கள் படலையடிக்கு எழும்பி வந்து நிண்டனீங்கள். நான் என்னெண்டு சொல்லுறது?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். ஏமாற்றிவிட்டாள் என்று மூன்று நாளாகக் கறுவிக்கொண்டு திரிந்தேன். என் தலை போன பயம் எனக்கு இரண்டு நாள்தான். அவள் அதை மூன்று கிழமைக்கு மேல் தனியாக வைத்திருந்திருக்கிறாள், சிரித்துக்கொண்டு, ராசாவுக்குக் கிரீடம் எல்லாம் வைத்து.

8.3 திங்கள்

காற்று விழுந்துவிட்டது. கடல் பாய் விரித்த மாதிரி.

எட்டு மணியாகியும் ஜெ. எழும்பவில்லை. வேலை நாளில் இப்படி ஒருநாளும் படுத்ததில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. உலை வைத்துவிட்டுச் சங்கத்துக்கு நடந்து போய்க் காய்ச்சல் என்று சொன்னேன். கண் தடுமாறவில்லை.

மனேச்சர் மெசினைக் காட்டினார். "வந்தனீங்கள், ஜெனரேற்றரை இப்பவே போடுறன். ஒரு ஆட்டம் இருந்து பாருங்கோவன் அண்ணை."

"ஏலாது. உலையில அரிசி கிடக்கு."

வரும் வழியில் சம்மாட்டியாரின் மகள் கண்டு, தகப்பன் என்னை விசாரித்ததாகச் சொன்னாள். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

பதினொன்று. சோறு குழைந்துவிட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் திறந்தபடி, குறட்டையோடு கிடக்கிறாள். நான் அருகில் இருந்து பென்சிலால் எழுதுகிறேன், பேனை கீறுகிற சத்தம் கூடக் கேட்கக் கூடாது.